குழாயடியும் குப்பைமேடும்

முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு குழாய் இருந்தது. விடியற்காலையில் அதில் தண்ணீர் வரும். தண்ணீருக்கு முன்னால் குடங்கள் வந்து வரிசையில் நிற்கும். குடங்களுக்குப் பின்னால் வம்பு வந்து நிற்கும். மூன்றாம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க யார் வந்தார்கள், கோடி வீட்டுக்காரருக்கு உத்தியோகத்தில் என்ன தகராறு, மாடியில் குடியிருப்பவர் ஏன் இரண்டு மாதமாக வாடகை கொடுக்கவில்லை என்பவையெல்லாம் முதன் முதலில் பிரசுரமான இடம் குழாயடிதான். குழாயடிச் சண்டை என்று அதற்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. ஆனால் கதை எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ஓர் ஆயுளுக்கு வேண்டிய கதைகள் கிடைத்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. சண்டை நின்றது. அதோடு பேச்சும் நின்றது. இதற்காக நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. குடம் சுமந்த இடுப்புக்குத்தான் அதன் வலி தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது தெரியாது. ஆனாலும் ஒன்று வாஸ்தவம். பிடிக்கிறதோ இல்லையோ, அண்டை வீட்டார் ஒரே இடத்தில் சிறிது நேரம் சேர்ந்து நின்றாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. வசதி வந்தபோது அந்த இடம் போயிற்று. அந்த இடத்தை வேறு எதைக் கொண்டு ஈடு செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் எங்கெங்கோ படித்தேன். கடைசியில் விடை கிடைத்தது நியூயார்க் நகரத்தில், அதுவும் அங்குள்ள ஒரு குப்பைமேட்டில்! நேயர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒழுங்காக வைத்த எருக்குவியல் நாறாது. மழை பெய்து ஓய்ந்த தோப்பைப் போல மணக்கும்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் தென்கிழக்கு மூலையில் 'லோயர் ஈஸ்ட் சைடு' என்ற பகுதி இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய ஏழைகள் முதலில் குடிபுகும் இடம் அது. ஜெர்மானியர் வந்தார்கள், யூதர்கள் வந்தார்கள், இத்தாலியர் வந்தார்கள், பின்னால் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து பெருவாரியாக ஜனங்கள் வந்தார்கள். 1970-களில் அந்தப் பகுதிக்குச் சனி பிடித்தது. நகரத்தின் கஜானா காலி. 1975-ல் நியூயார்க் மாநகரமே திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் கட்டடங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்குத் தாங்களே தீ வைத்தார்கள் என்றுகூடச் சொல்லப்பட்டது. பல் விழுந்த வாயைப் போல, தெருவுக்குத் தெரு காலி மனைகள். அவற்றில் உடைந்த செங்கல், துருப்பிடித்த கட்டில், செத்த எலி.

1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியப் பெண்மணி, சில சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலை செய்தார். விதையையும் உரத்தையும் பொட்டலம் கட்டி, வேலி போட்ட காலி மனைகளுக்குள் வீசியெறிந்தார்கள். 'பச்சைக் கொரில்லாக்கள்' என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். பிறகு பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு மனையில் இறங்கி, குப்பையை அள்ளிப் பாத்தி கட்டினார்கள். அடுத்த வருஷம் நகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கே விட்டது. அங்கே அறுபது பாத்திகளில் காய்கறி வளர்ந்தது. அந்த ஒரு மனையைப் பார்த்து, மற்ற காலி மனைகளிலும் ஜனங்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

இறங்கியவர்களுக்கெல்லாம் உடனே ஒரு சங்கடம் முளைத்தது. நிலம் இருந்தது, மண் இல்லை. இடிந்த செங்கலிலும் சுண்ணாம்பிலும் தக்காளி காய்க்குமா? நல்ல மண்ணை விலைக்கு வாங்கக் காசு கிடையாது. ஆகவே மண்ணைச் செய்தாக வேண்டும்.

மண்ணைச் செய்தவர்களில் ஒருவர் விசித்திரமான ஆசாமி. ஆடம் பர்ப்பிள் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு, பெயருக்கு ஏற்றபடி ஊதா நிற உடையில் சைக்கிளில் வலம் வந்தவர். 1975-ல் எல்ட்ரிட்ஜ் தெருவில் தம் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த இடிபாட்டில் அவர் தோட்டம் போட ஆரம்பித்தார். சென்ட்ரல் பார்க்கில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகள் உண்டு அல்லவா? அந்தக் குதிரைகளின் சாணத்தை அள்ளி, சைக்கிளில் வைத்து, மைல் கணக்காக மிதித்துக் கொண்டுவருவார். அதைச் செங்கல் பொடியோடு கலந்து மக்கவைத்து மண்ணாக்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டவட்டமான பாத்திகள், பழ மரங்கள், நடுவில் ஒரு சின்னம். 'ஏதேன் தோட்டம்' என்று அதற்குப் பெயர். பக்கத்துக் கட்டடங்கள் இடிய இடியத் தோட்டம் ஒரு வட்டம் பெருக்கும். உலகப் பத்திரிகைகளில் அதன் படம் வந்தது.

1986 ஜனவரி 8-ஆம் தேதி நகராட்சியின் இயந்திரங்கள் வந்தன. பத்து வருஷத்து மண் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விட்டது. அந்த இடத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டினார்கள். வீடு வேண்டியதுதான், ஏழைக்குக் கூரையா, பூச்செடியா என்று கேட்டால் யார்தான் பூச்செடி என்று சொல்ல முடியும்? தோட்டத்துக்காகக் குரல் எழாமல் இல்லை. ஆனால் அது ஒரு தனி மனிதரின் கனவு. அவர் சைக்கிளில் அவரே கொண்டுவந்த மண். தெருவில் உள்ளவர்கள் அதை அதிசயித்துப் பார்த்தார்கள். அதைச் செய்தவர்கள் அவர்கள் அல்ல. இந்த வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். பின்னால் இதுவே பெரிதாகிவிட்டது.

ஏனென்றால், அடுத்த வருஷமே, அதாவது 1987-ல், அதே பகுதியில் 'லோயர் ஈஸ்ட் சைடு ஈகாலஜி சென்டர்' என்ற ஸ்தாபனம் பிறந்தது. முதலில் பழைய காகிதமும் கண்ணாடிப் பாட்டிலும் சேகரித்தார்கள். 1990-ல் கிழக்கு ஏழாவது தெருவில் ஒரு தோட்டத்தில் எருக்குவியல் வைத்து, "உங்கள் சமையலறைக் கழிவைக் கொண்டுவாருங்கள்" என்று அக்கம்பக்கத்தாரை அழைத்தார்கள். கொஞ்ச காலத்துக்கெல்லாம் யூனியன் சதுக்கத்துச் சந்தையிலும் பீப்பாய்கள் வைத்தார்கள். கத்தரிக்காய் வாங்க வருகிறவர்கள், போன வாரத்துக் கத்தரிக்காய்க் காம்பைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள்!

ஆறாம் மாடியில் ஓர் அறையில் குடியிருப்பவர் ஒரு வாரக் கழிவை எங்கே வைத்திருப்பார்? நாறாதா? அதற்கு நியூயார்க்வாசிகள் கண்டுபிடித்த உபாயம் வேடிக்கையானது. ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வாழைப்பழத் தோல். மீன் துண்டுக்கு மேல் காப்பித் தூள் சக்கை. சனிக்கிழமை வந்தால் கல்லாக உறைந்த அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நம் வீடுகளில் இதைச் செய்திருந்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்திருக்கக்கூடிய உரையாடலை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் குவியலுக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. அதைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவர நிபுணர் 1905-ல் பீகாரில் உள்ள பூசாவுக்கு வந்தார். 1924 முதல் இந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். நம் குடியானவர்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்தவர், அவர்களே தம்முடைய ஆசான்கள் என்று ஒப்புக்கொண்டார். சீனத்து விவசாயிகள் கழிவை எருவாக்கும் முறைகளைப் பற்றி அமெரிக்கரான கிங் எழுதி 1911-ல் வெளியான புத்தகத்தையும் படித்திருந்தார். இலை தழை, சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுப் போகும்படி அவ்வப்போது புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் நல்ல எரு தயாராகும் என்று கணக்காகக் காட்டினார். யஷ்வந்த் வாட் என்ற இந்தியச் சகாவோடு சேர்ந்து 1931-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'இந்தூர் முறை' என்று உலகமெங்கும் அதற்குப் பெயர். பென்சில்வேனியாவில் ரோடேல் என்பவர் ஹோவர்டின் எழுத்தைப் படித்து மயங்கி, 1942-ல் இதற்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஏழாவது தெருவில் புகைந்த குவியலுக்கு இந்தூர் மாட்டுக்கொட்டில் தாய்வழி உறவு என்று சொன்னால் மிகையாகாது.

இந்த முறையின் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால், காய்ந்த இலையும் மரத்தூளும் அதற்கு மேல் இரண்டு மூன்று பங்கு வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் மிஞ்சி, காற்று அடைபட்டு, அழுகி நாறும். சரியாகப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்கள் வேலை செய்யத் தொடங்கும். குவியலின் வயிற்றில் 130 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் சூடு ஏறும். அந்தச் சூட்டில் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் செத்துப்போகும். ஆனால் உள்ளே இருப்பதை வெளியேயும், வெளியே இருப்பதை உள்ளேயும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் உயரக் குவியலை ஒருவர் புரட்டினால் மறுநாள் படுத்துவிடுவார். நாலு பேர் வேண்டும்.

அங்கேதான் குழாயடி மறுபடியும் தோன்றியது.

நாலு பேர் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றுகொண்டு எத்தனை நேரம் மௌனமாக இருக்க முடியும்? "இந்த வாரம் யார் வீட்டில் இத்தனை முட்டை ஓடு?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஒரே கட்டடத்தில் பத்து வருஷம் இருந்தும் மின்தூக்கியில் தலையசைப்பதோடு நின்றுபோனவர்கள் பெயர் கேட்டுக்கொள்வார்கள். மாமிசத்தையும் எலும்பையும் யாராவது ரகசியமாகப் போட்டால் எலி வரும். எலி வந்தால் தெருவே எதிர்த்துக் கிளம்பும். ஆப்பிள் பழத்தின்மேல் ஒட்டியிருக்கும் சிறு லேபிளை ஒருவர் உரிக்காமல் போட்டால், அது மக்காது. ஆறு மாதம் கழித்து இன்னொருவர் குனிந்து பொறுக்க வேண்டும். ஒருவருடைய அசிரத்தை இன்னொருவருடைய முதுகு வலியாகிறது. ஊராருக்குள் இருக்க வேண்டிய நம்பிக்கை என்று நாம் மேடையில் பேசுகிறோமே, அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி அந்தக் குவியல் வைத்துவிட்டது.

1993-ல் நகரத்தின் துப்புரவு இலாகாவே இதற்கு உதவ முன்வந்தது. தாவரவியல் பூங்காக்களின் மூலம் எரு வைக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்து, கற்றுத் தேறியவர்களை அவரவர் தெருவில் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும்படி அனுப்பினார்கள். 1999-ல் நகராட்சி நூற்றுக்கு மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலத்தில் விட முயன்றபோது, ஜனங்கள் திரண்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் இரண்டு தர்ம ஸ்தாபனங்கள் 114 தோட்டங்களைச் சுமார் 42 லட்சம் டாலருக்கு வாங்கிக் காப்பாற்றின. எல்லாத் தோட்டமும் பிழைத்துவிடவில்லை. ஆனால் அன்று கூட்டத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல. அந்த மண்ணில் அவரவர் வீட்டு வெங்காயத் தோல் இருந்தது.

இனி ஆற்றைக் கடந்து புரூக்ளினுக்குப் போக வேண்டும். அங்கே ரெட் ஹுக் என்பது துறைமுகத்தை ஒட்டிய ஏழைப் பகுதி. பழைய விளையாட்டு மைதானம் ஒன்றின் தார்த் தரைமேல் மண்ணைக் கொட்டி ஒரு பண்ணை உண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பண்ணையின் எருக்களத்துக்குப் பொறுப்பாளராக டேவிட் பக்கல் என்பவர் வந்து சேர்ந்தார்.

அவர் சாதாரண மனிதர் அல்ல. பெயர்பெற்ற வக்கீல். ஒருபால் உறவினர், திருநர் ஆகியோரின் உரிமைக்காக வாதாடியவர். பாதுகாக்க வேண்டிய போலீஸ் அதிகாரி கைவிட்டதால் நெப்ராஸ்காவில் கொலையுண்ட ஒருவரின் தாய்க்காக வழக்கு நடத்தியவர்; நியூஜெர்சி, அயோவா மாகாணங்களில் திருமண உரிமை வழக்குகளுக்கு முன்னணியில் நின்றவர். அந்த மனிதர் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார். ஆண்டுக்கு 200 டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கே எருவாயிற்று. டீசல் இயந்திரம் கிடையாது. சூரிய வெளிச்சத்திலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தால் குவியலுக்குக் காற்று ஊதினார்கள். மற்ற வேலையெல்லாம் தொண்டர்களின் கை. இயந்திரத்தால் மட்டும் புரட்டும் களத்துக்கு ஓர் ஓட்டுநர் போதும். கையால் புரட்டும் களத்துக்கு ஊரே வந்தாக வேண்டும். ரெட் ஹுக்கில் ஊர் வந்தது.

2012 அக்டோபர் 29 இரவு 'சாண்டி' புயலில் கடல் ஏறி ரெட் ஹுக்கில் புகுந்தது. பண்ணையும் மூழ்கிற்று. தண்ணீர் வடிந்ததும் திரும்பவும் மண்வெட்டியோடு வந்தார்கள். 2018 ஏப்ரலில், தமது அறுபதாவது வயதில், உலகம் எரிபொருளால் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது என்ற துயரத்தில் டேவிட் பக்கல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செயலை என்னால் போற்ற முடியாது. நாளைக்கு மண் வேண்டும் என்று உழைத்தவருக்கு நாளை இல்லை என்று தோன்றியதே, அதுதான் நெஞ்சை அடைக்கிறது. அவரோடு புரட்டிய தொண்டர்கள் குவியலை அப்படியே விட்டுவிடவில்லை. எரு தயாராகிற வேலைக்குத் துக்கம் தெரியாது, புரட்டாவிட்டால் நாறிவிடும். அழுதுகொண்டேயாவது புரட்ட வேண்டும். புரட்டினார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஏனென்றால் இதை வாசிக்கும் காரியவாதி ஒருவர் இந்நேரம் பென்சிலை எடுத்திருப்பார். நியூயார்க்கில் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கக்கூடியது. ஸ்டேட்டன் தீவில் 1948-ல் திறந்த குப்பைக் கிடங்கு மலைமலையாக வளர்ந்து, 2001-ல்தான் மூடப்பட்டது. ரெட் ஹுக்கில் அத்தனை பேர் ஒரு வருஷம் முதுகொடிய உழைத்து எருவாக்கியது, அந்த நகரம் அரை மணி நேரத்தில் கழிக்கும் குப்பைதான். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நகராட்சியும் அப்படித்தான் கேட்டது. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில் நிதியை வெட்டினார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டதில் ஒரு பகுதி திரும்பியது. 2023 நவம்பரில் மறுபடி வெட்டினார்கள். 2024 மே மாதத்தில் சந்தைகளில் இருந்த பீப்பாய்கள் பல மறைந்தன. பல வருஷம் உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள். அந்தக் கோடையில் நகரசபை ஓரளவு பணத்தைத் திரும்ப ஒதுக்கியது. அதே வருஷம் அக்டோபரில் நகரம் முழுவதும் வாசலுக்கே லாரி வந்து உணவுக் கழிவைத் தனியாக எடுத்துப்போக ஏற்பாடாயிற்று. பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டமுமாயிற்று. அதில் பெரும் பகுதி எரிவாயு எடுக்கும் ஆலைக்குப் போகிறது. "லாரி வந்துவிட்டதே, இனிக் குவியல் எதற்கு?" என்பது நியாயமான கேள்வியாகவே பட்டது.

லாரி வேண்டும். அதை நான் மறுக்கமாட்டேன். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டாம் என்று எப்படிச் சொல்லமாட்டேனோ, அப்படி. பத்தாயிரம் டன்னை மண்வெட்டியால் புரட்ட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்று கணக்குப் போட்டவர்கள்தான் தவறினார்கள். லாரி குப்பையை அப்புறப்படுத்துகிறது. குவியலோ ஜனங்களைக் கிட்டே கொண்டுவருகிறது. டன் கணக்கில் எழுதும் நோட்டுப் புத்தகத்தில் இந்த இரண்டாவது வரவுக்குப் பத்தியே கிடையாது. ஆகவே அது பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள்.

நமக்கும் இதில் ஒரு வார்த்தை இருக்கிறது. நம் ஊரில் குப்பை போடுகிறவர் ஒருவர். அள்ளுகிறவர் வேறு ஒருவர். அப்படி அள்ளுகிறவர் யார் என்பதைப் பிறப்பே தீர்மானித்த தேசம் இது. அவர் பெயர் என்ன என்று கேட்டால், அவரிடம் தினமும் வாளியை நீட்டுகிறவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? என்னைக் கேட்டிருந்தால் சில மாதங்களுக்கு முன்பு எனக்கும் தெரியாது. இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் வெட்கம் பிடுங்கித் தின்ன, வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதற்கு சார், ஏதாவது புகாரா?" என்றார். பெயர் கேட்டாலே புகார் என்று தோன்றும்படி வைத்திருக்கிறோம்.

நியூயார்க்கில் உறைபனிக் காலம் கடுமையானது. தெருவெல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்கும். அப்போது எருக்குவியலைப் புரட்டினால் உள்ளேயிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல் ஆவி பொங்கி எழும். மண்வெட்டியை ஊன்றிவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த கைகளை அந்த ஆவியில் காட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவர் இன்னொரு மாடிக்காரர். அவர் கையும் அதே ஆவியில் நீண்டிருக்கும். குளிர் காய்கிற நேரத்தில் இரண்டு பேர் என்ன பேசிக்கொள்வார்கள்? மூன்றாம் வீட்டுச் சமாசாரமாகத்தான் இருக்கும்.